லிபர்ட்டி: ஒரு மொழிக்குக் கிடைத்த இருக்கை

மும்பையின் மரைன் லைன்ஸ் பகுதியில், பம்பாய் மருத்துவமனைக்கு அருகே, லிபர்ட்டி திரையரங்கம் இருக்கிறது. ஹபீப் உசைன் கட்டியெழுப்பி 1949இல் திறந்த அரங்கு அது. நாட்டின் விடுதலையை நினைந்து வைத்த பெயர். விடுதலையைக் கொண்டாடவும் ஆங்கிலச் சொல்லே கைக்கு எட்டியது என்பது மொழியியல் பயின்றவர்களுக்குச் சற்றே உறுத்தும். உள்ளே ஒலித்த மொழியோ வேறு.

அன்றைய தென் பம்பாயில் பகட்டான அரங்குகள் பெரும்பாலும் ஆங்கிலப் படங்களுக்கானவை. ரீகல் 1933இல் வந்தது. ஈராஸும் மெட்ரோவும் 1938இல். மெட்ரோவைக் கட்டியதே ஹாலிவுட்டின் எம்.ஜி.எம். நிறுவனம். அத்தகைய சொகுசை லிபர்ட்டி இந்திப் படங்களுக்கென்றே அமைத்தது: ஆர்ட் டெக்கோ பாணிக் கட்டடம், தேக்கு மர வேலைப்பாடு, திரையின் இருபுறமும் உறைந்துபோன நீரூற்றுகளைப் போல் அடுக்கடுக்காக எழும் சுதை அலங்காரம், ஏறத்தாழ 1,200 இருக்கைகள். முதற்படம் மெஹபூப் கானின் ‘அந்தாஸ்’. பாரசீகம் வழி வந்த அச்சொல்லுக்குப் பாங்கு, தோரணை என்று பொருள். அரங்கையே சுட்டுவது போல.

அதே 1949 செப்டம்பரில்தான் அரசியல் நிர்ணய சபை இந்தியை ஒன்றியத்தின் ஆட்சிமொழியாக ஏற்றது. ஒரு மொழிக்கு மதிப்பு சட்டத்தால் வருகிறதா, அதைக் கேட்க அமரும் மெத்தை இருக்கையால் வருகிறதா? சமூக மொழியியல் நூல்கள் முன்னதைப் பற்றியே மிகுதியாகப் பேசுகின்றன. லிபர்ட்டியின் பார்வையாளர்கள் பின்னதை அறிந்திருந்தனர். 1957இல் ‘மதர் இந்தியா’ இங்கே முதற்காட்சி கண்டது. வீடியோவும் கேபிளும் குடும்பங்களை வீட்டோடு இருத்திவிட்ட காலத்தில், 1994இல் வெளியான ‘ஹம் ஆப்கே ஹைன் கௌன்’ இங்கே நூறு வாரங்களைக் கடந்து ஓடியது.

ஆனால் மதிப்பு ஓரிடத்தில் நிலைத்திருப்பதில்லை. மாலை நேரக் காட்சிகளில் மராத்திப் படங்களுக்கு இடமளிக்குமாறு மல்டிபிளெக்ஸ்களுக்கு 2015இல் மகாராஷ்டிர அரசே உத்தரவிட நேர்ந்தது. அதற்குள் வழிவிட வேண்டிய பெரிய மொழியாக இந்தி ஆகியிருந்தது, மராத்தியின் சொந்த ஊரிலேயே. லிபர்ட்டியின் பெருமையைப் பேசுவோர் இதை ஏனோ சேர்த்துப் பேசுவதில்லை.

மல்டிபிளெக்ஸ்கள் பெருகியபின் லிபர்ட்டியில் அன்றாடக் காட்சிகள் அருகின. விழாக்களுக்கும் நிகழ்ச்சிகளுக்கும் அதன் கதவுகள் திறந்தன. பால்புதுமையினர் திரைப்பட விழாவான ‘காஷிஷ்’ பல ஆண்டுகள் இங்கே நடைபெற்றது. அந்நாள்களில் அச்சுதை நீரூற்றுகளுக்கு நடுவே பல நாடுகளின் மொழிகள் மாறி மாறி ஒலித்தன.