விரட்டிவிட்ட கேள்வி

சுங்கை புரோங் கோயில்ல பூஜை முடிஞ்சு பாத்திரம் கழுவிக்கிட்டிருந்தோம். தேவார வகுப்புப் பையன் கேட்டான்: "அங்கிள், சூரபத்மன் 1008 அண்டத்தை ஆண்டான்னு சொன்னீங்களே, அங்கேருந்து ஏன் யாரும் பேசல?" "போய் படிடா"ன்னு விரட்டிட்டோம். அடுத்த வாரம் அவன் வரல.

மனசு கேட்கல. ஷிப்ட் முடிஞ்சு உட்கார்ந்து படிச்சோம். 1960-ல அமெரிக்காவில டிரேக் ரேடியோ தொலைநோக்கியால ரெண்டு நட்சத்திரத்தைக் கேட்டுப் பார்த்தார். ஒண்ணும் வரல. ஆகாயத்துல இருக்கிறதோ கோடானு கோடி. 1974-ல அரசிபோவிலிருந்து அனுப்பின செய்தி போய்ச் சேரவே சுமார் 25,000 வருஷம் ஆகும்! கம்போங் குவாந்தானுக்குப் பகல்ல போனா மின்மினி தெரியுமா? நேரமும் இடமும் ஒத்து வரணும்.

தம்பி, இந்த வாரம் வாப்பா. சுண்டல் எடுத்து வைக்கிறோம்.