அளந்த தண்ணீர்

செவ்வாய், விடிகாலை

என் கணவருடைய இடது கையை எடுத்து மணிக்கட்டுக்குச் சற்று மேலே விரல்களை வைத்தேன். விர்ரென்று ஓடிக்கொண்டிருந்தது. டயாலிசிஸ் ஊசி போடுவதற்காகத் தமனியையும் சிரையையும் சேர்த்துத் தைத்த இடம். ஃபிஸ்டுலா என்கிறார்கள். ரத்தம் வேகமாகப் பாய்வதால் தோலுக்கடியில் அதிர்வு இருந்துகொண்டே இருக்கும். நின்றுவிட்டால் அடைப்பு, அப்படியே மருத்துவமனைக்கு ஓட வேண்டியதுதான். புதிதில் பயந்து பயந்து தொடுவேன். இப்போது என் நாளின் முதல் நிம்மதியே அதுதான்.

"ஓடுதா?" என்று கண் திறக்காமலே கேட்டார்.

"ஓடுதுங்க."

அதன் பிறகுதான் காபிக்கு அடுப்பு மூட்டினேன். பிரெஷியா, சிமினோ என்ற நியூயார்க் மருத்துவர்களும் உடனிருந்தவர்களும் இந்த முறையை 1966இல் வெளியிட்டார்களாம். அதற்கு முன்பு கைக்கு வெளியே குழாயை மாட்டிக்கொண்டே நடமாட வேண்டியிருந்தது. முகம் தெரியாத அந்த மனிதர்களை நான் கும்பிடாத நாளில்லை.

செவ்வாய், இரவு

நான்கு மணி நேரம் இயந்திரத்தோடு இருந்துவிட்டு வந்தார். துவண்டுபோய்ப் படுத்தவர் இன்னும் எழவில்லை. நிமிடத்துக்கு 500 மில்லி என்று பார்த்தால், இவருடைய ரத்தத்தைக் கழுவ இன்று 120 லிட்டர் டயாலிசிஸ் திரவம் ஓடியிருக்கும். இவர் குடிக்கவோ நாளுக்கு ஒரு லிட்டர்கூட இல்லை.

புதன்

சித்திரை வெயில் திருநெல்வேலியை வறுத்தெடுக்கிறது. காலையிலேயே அவர் பங்குத் தண்ணீரை அளந்து பாட்டிலில் ஊற்றிவிடுவேன். காபி, ரசம், மோர், மாத்திரைக்கான மடக்கு எல்லாமே அதற்குள் அடக்கம். அரை டம்ளர் காபி கொடுத்தால் அரை டம்ளர் தண்ணீரைப் பாட்டிலிலிருந்து எடுத்துவிட வேண்டும். முதலில் இந்தக் கணக்கு எனக்குக் கொடுமையாகத்தான் இருந்தது. தாகத்தில் தவிப்பவர் கண்ணெதிரே தண்ணீரை எடுக்க எந்த மனைவிக்குக் கை வரும்?

வாசலில் இளநீர் வண்டி போனது. பொட்டாசியம் ஏறினால் இதயத்துக்கு ஆபத்து என்பதால் இளநீரும் வாழைப்பழமும் எங்கள் வீட்டுக்குள் வருவதில்லை. உருளைக்கிழங்கை மெலிதாக நறுக்கி, நிறைய தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் சமைக்கிறேன். அதுவும் கொஞ்சம்தான்.

சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து பனிக்கட்டித் துண்டு ஒன்றை வாயில் அடக்கிக்கொண்டார். அது கரைந்து முடியும்வரை பேசவில்லை. நானும் பக்கத்தில் பூ கட்டிக்கொண்டிருந்தேன். எல்லாம் சரியானதும் நிம்மதியாக இருப்போம் என்று முன்பெல்லாம் தள்ளிப்போடுவேன். மாற்றுச் சிறுநீரகத்துக்குப் பதிந்திருக்கிறோம். முறை எப்போது வருமோ, யாருக்குத் தெரியும்? அதுவரைக்கும் சந்தோஷத்தை எடுத்து வைக்க எங்களிடம் இடமில்லை. இன்றைய திண்ணை இன்றைக்கே வேண்டும்.

வியாழன்

டயாலிசிஸ் பிரிவில் காத்திருக்கும் இடத்தில் புதிதாக ஒரு பெண். கணவரை உள்ளே அனுப்பிவிட்டுச் சுவரைப் பார்த்து அழுதுகொண்டிருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"எத்தனை நாளைக்குக்கா இப்படி?"

பொய் சொல்ல மனம் வரவில்லை. "ரொம்ப நாளைக்கும்மா. ஆனா பழகிரும்."

கையைத் தொட்டுப் பார்ப்பதை முதலில் சொல்லிக்கொடுத்தேன். அந்தக் கையில் ரத்த அழுத்தம் பார்க்க விடக் கூடாது, கனம் தூக்கக் கூடாது, கடிகாரம் கட்டக் கூடாது என்றதும் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பையில் காகிதம் தேடினாள். தாகத்துக்கு என்ன செய்வது என்று கேட்டாள்.

"மொதல்ல உப்பைக் கொறைங்க. உப்பு போனாப் பாதித் தாகம் போயிரும். ஊறுகா, அப்பளம், கருவாடு எதுவும் வேண்டாம்."

"கருவாடு இல்லாம அவருக்குச் சோறு எறங்காதேக்கா" என்றாள், எழுதிக்கொண்டே.