தாம்பரத்தில் காணாமல் போன வானம், காவலூரில்!

கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் மொட்டை மாடியில் நின்று நட்சத்திரம் எண்ணினால் பத்தைத் தாண்டுவதே பெரிய விஷயம். ஜி.எஸ்.டி. சாலை வெளிச்சம் மீதியை விழுங்கிவிடும். இதே சென்னையில், நுங்கம்பாக்கம் வானாய்வகத்திலிருந்து 1861-ல் நார்மன் போக்சன் ஒரு சிறுகோளையே கண்டுபிடித்தார் என்றால் நம்ப முடிகிறதா? அதற்கு 'ஏசியா' என்று பெயரும் வைத்தார்.

இன்று அப்படியொரு இருட்டைப் பார்க்க இருநூறு கிலோமீட்டருக்கு மேல் போகணும். முடிச்சூர், படப்பை, ஒரகடம், காஞ்சிபுரம் என்று போய் நெடுஞ்சாலையைப் பிடித்தேன். வேலூர், வாணியம்பாடி, ஆலங்காயம் தாண்டினால் ஜவ்வாது மலையில் காவலூர். வைனு பாப்பு வானாய்வகம் இங்கேதான் இருக்கிறது.

1988 பிப்ரவரி 17 அன்று, இங்குள்ள ஷ்மிட் தொலைநோக்கியில் ராஜமோகன் குழு ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தது. இந்தியாவிலிருந்து நூறாண்டு இடைவெளிக்குப் பிறகு கிடைத்தது அது. பெயர், 4130 ராமானுஜன். தேடல் திட்டத்தின் பெயர் இன்னும் அருமை: கல்கி!

அந்தக் காலத்து வேலை சாதாரணமில்லை. ஒரே வானத்தைச் சில மணி நேர இடைவெளியில் இரண்டு முறை படமெடுத்து, கழுவி, ஒப்பிடணும். நட்சத்திரங்கள் அசையாது. இடம் மாறிய புள்ளிதான் சிறுகோள்.

பூமிக்கு அருகில் வருபவை இவ்வளவு பொறுமை காட்டாது. 2013-ல் ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் மேலே சுமார் 20 மீட்டர் கல் வெடித்து, ஜன்னல் கண்ணாடிகள் நொறுங்கி ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். சூரியன் பக்கமிருந்து வந்ததால் முன்கூட்டி யாருக்கும் தெரியவில்லை. இரவில் கண்ணில் படுகிற கல்லையும் அடுத்தடுத்த இரவுகளில் மறுபடி அளந்தால்தான் பாதை தெரியும். விட்டால் தொலைந்துவிடும்.

இந்த மறு அளவீட்டுக்குப் பெரிய தொலைநோக்கியே வேண்டும் என்றில்லை. பழசும் போதும். ஆடிக்கு அலுமினியப் பூச்சைப் புதுப்பிக்கலாம். மாற்ற வேண்டியது கைவேலையைத்தான்: மோட்டார், டிஜிட்டல் கேமரா, கூடவே திரும்பும் கூரை, மழை வந்தால் மூடும் சென்சார், கட்டளையிடும் கணினி. லடாக்கின் ஹன்லேவில் 70 செ.மீ. ரோபோ தொலைநோக்கி ஒன்று ஆள் துணையின்றி இதைச் செய்கிறது. பழைய தொலைநோக்கிகளைக் காட்சிப்பொருளாக்கும் முன் இதை யோசிக்கலாம் என்பது என் கட்சி.

காவலூருக்குப் பொதுமக்கள் சனிக்கிழமைகளில் போகலாம். நேரத்தை முன்பே உறுதிசெய்துகொண்டு, மேகம் பார்த்துக் கிளம்புங்கள். உள்ளே போனதும் போன் டார்ச்சை அணைத்துவிடுங்கள், ப்ளீஸ்.