ஐயமும் அன்பும்

புதிய நோய் ஒன்று வரும்போது மருத்துவரின் கையில் மருந்து இருப்பதில்லை. ஐயம் ஒன்றே இருக்கிறது. அந்த ஐயத்தை அவர் எவ்வாறு கையாள்கிறார் என்பதில் ஓர் ஊரின் நலமே அடங்கியிருக்கிறது. 2020ஆம் ஆண்டு கொரோனாக் காலத்தில் நம் பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்கள் கற்ற பாடம் இது.

அவ்வாண்டு மே 5ஆம் நாள், நோய் பரவியதால் சென்னைக் கோயம்பேடு சந்தை மூடப்பட்டது. அங்கே மூட்டை தூக்கியும் கடைகளில் வேலை செய்தும் பிழைத்த நம் மக்கள் அந்நாட்களில் ஊர் திரும்பினர். சோதித்தபோது பலருக்குத் தொற்று இருந்தது. அவர்களில் பலருக்கு இருமலோ காய்ச்சலோ இல்லை.

சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும் சிமெண்ட் ஆலைகளும் நிறைந்த அரியலூர்ப் பகுதியில் இருமல் புதிதன்று. காசநோயாளியும் இருமுவார், புழுதியில் உழைப்பவரும் இருமுவார். ஆகவே, "எங்கிருந்து வருகிறீர்கள்? யாருடன் இருந்தீர்கள்?" என்று மருத்துவர் கேட்டாக வேண்டும். ஐயம் எழுந்தவுடன் நோயாளிக்கு முகக்கவசம் தந்து, காற்றோட்டமுள்ள தனியறையில் அமர்த்த வேண்டும். தாமும் கவசமும் கையுறையும் அணிந்தே நெருங்க வேண்டும். மூக்கிலும் தொண்டையிலும் மாதிரி எடுத்துச் சோதனைக்கு அனுப்பி, சுகாதாரத் துறைக்கும் தெரிவிக்க வேண்டும். நோயில்லை என்று முடிவு வந்தாலும், ஐயம் வலுவாக இருந்தால் மறுமுறை சோதிக்க வேண்டும். மூச்சுத்திணறலுக்கான சிகிச்சை மட்டும் முடிவுக்காகக் காத்திருக்கலாகாது.

இவையெல்லாம் நூலில் உள்ளவை. ஆனால் அந்தக் கேள்விக்கு மெய்யான விடை கிடைக்க வேண்டுமே! எங்கள் தெருவில், கோயம்பேட்டிலிருந்து திரும்பிய ஒருவரின் வீட்டு வாசலைச் சவுக்குக் கழி கட்டி அடைத்தார்கள். பால்காரரும் அவ்வழி வரவில்லை. அதைக் கண்ட அடுத்த தெருக்காரர், தாம் சென்னையிலிருந்து வந்ததையே மறைத்துவிட்டார். பழிக்கு அஞ்சிச் சொல்லும் பொய்யின் கேடு சொன்னவரோடு நிற்பதில்லை. அவரைத் தொட்டுப் பேணுபவரையும் அது சேரும். நோய் இன்னதென்று தெரியாமற்போவதன் விலையை 2018இல் கேரளம் கண்டது. பேராம்பிரா மருத்துவமனையில் நிபா நோயாளியைப் பேணிய செவிலியர் லினி, அந்நோய்க்கே பலியானார்.

மருத்துவர் ஐயப்பட வேண்டியது நோயை, ஆளை அன்று. மருத்துவத்தின் நான்கு உறுப்புகளைச் சொல்லப் புகுந்த வள்ளுவரும் நோயாளியைத்தானே முதலில் வைத்தார்!

அரியலூரில் 2022இல் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. அங்கே பயிலும் நம் வயதுத் தோழர்கள் கவசம் அணியக் கற்பதோடு, "எங்கிருந்து வருகிறீர்கள், ஐயா?" என்று அச்சம் நீங்கும் குரலில் கேட்கவும் கற்பார்களாக! உண்மை சொன்னவரின் வாசலை நாமும் அடைக்காதிருப்போமாக!