பயோடேட்டாவின் பின்பக்கம்

ஜூன் மாதம் பிறந்தால், சித்தூரில் எங்கள் தெருப் பிள்ளைகள் ஒவ்வொருவராக வீட்டுக்கு வருவார்கள். "தாத்தா, காலேஜுக்கு எந்த லேப்டாப் வாங்கலாம்?" பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன் என்பதால் எனக்கு இந்த மரியாதை. போனில் ஒரு படத்தையும் காட்டுவார்கள். ஒல்லியாக, வெள்ளி நிறத்தில் மினுங்கும். "அடிப்பக்கத்தைக் காட்டு கண்ணு" என்பேன்.

வெளியே ஸ்க்ரூ இருக்கிறதா, ராமைத் தனியாகப் பொருத்தலாமா, இல்லை போர்டிலேயே சால்டர் வைத்துவிட்டார்களா, பேட்டரி ஸ்க்ரூவில் நிற்கிறதா, பசையில் ஒட்டியிருக்கிறதா, காற்றுத் துளை எந்தப் பக்கம்? இதையெல்லாம் பார்க்காமல் வாங்கக் கூடாது என்பது என் கட்சி. எங்கள் ஊர்ப் புழுதிக்கு இரண்டு கோடை தாண்டினால் போதும், உள்ளே ஃபேனில் தூசி அப்பிக்கொள்ளும். சூடு வெளியேற வழியில்லாமல் ப்ராசசர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். பிள்ளைகள் "ஸ்லோ ஆயிடுச்சு" என்று புதிது கேட்பார்கள். மூடியைத் திறந்து தூசியைத் தட்டி, ப்ராசசர் மேல் காய்ந்துபோன பேஸ்டைத் துடைத்துப் புதிதாகத் தடவினால், பல லேப்டாப்கள் இன்னும் சில வருஷம் ஓடும். அதற்குத் திறக்க வழி இருக்க வேண்டும்.

ஐபிஎம் 1992இல் கொண்டுவந்த திங்க்பேடை எனக்கு மிகவும் பிடிக்கும். கறுப்புப் பெட்டி, கீபோர்டு நடுவில் சிவப்புக் குமிழ். எந்த ஸ்க்ரூவை முதலில் கழற்ற வேண்டும் என்பது வரைக்கும் படம் போட்ட கையேட்டை அந்தக் கம்பெனி எல்லோருக்கும் கொடுத்தது. 2005இல் லெனோவா வாங்கிய பிறகும் அந்த வழக்கம் நின்றுவிடவில்லை. அந்தக் கையேட்டுப் பக்கங்களை ஜெராக்ஸ் எடுத்து வகுப்பில் கொடுத்திருக்கிறேன்.

2008இல் ஆப்பிளின் ஸ்டீவ் ஜாப்ஸ் மேடையில் ஒரு கடித உறைக்குள்ளிருந்து மேக்புக் ஏரை உருவிக் காட்டினார். அழகான பொருள், மறுக்க மாட்டேன். ஆனால் அதன் ராம் போர்டோடு சேர்ந்தே வந்தது. பேட்டரியையும் வாங்கியவர் தானே மாற்ற முடியாது. மற்றவர்களும் அதே வழியில் போனார்கள். ஒல்லி என்பதற்காக 2015இல் ஆப்பிள் கொண்டுவந்த கீபோர்டில் துளித் தூசி விழுந்தாலே எழுத்து சிக்கியது. 2018இல் இலவசமாகப் பழுது பார்த்துக் கொடுத்தார்கள், 2019 கடைசியில் பழைய மாதிரி கீபோர்டுக்கே திரும்பத் தொடங்கினார்கள். பிரான்ஸ் நாட்டில் 2021 முதல், எவ்வளவு எளிதாகப் பழுது பார்க்கலாம் என்று பத்துக்கு இத்தனை மார்க் போட்டுத்தான் லேப்டாப்பை விற்க வேண்டும். அந்த மார்க் நம் ஊர்க் கடைகளிலும் வர வேண்டும் என்று எனக்கு நிரம்ப ஆசை.

எங்கள் பக்கத்துக்கு இது வாங்குகிறவர் கவலை மட்டும் இல்லை, பிழைப்பும்கூட. 2015 ஆகஸ்டில் ஷாவ்மி இந்தியாவில் தயாரித்த முதல் போனான ரெட்மி 2 பிரைம், ஸ்ரீசிட்டி ஃபாக்ஸ்கான் ஆலையிலிருந்து வந்தது. அப்போது அது எங்கள் சித்தூர் மாவட்டம். 2022 ஏப்ரலில் மாவட்டத்தைப் பிரித்தபோது திருப்பதிக்குப் போய்விட்டது. பிறகு ரேணிகுண்டா விமான நிலையத்துப் பக்கம் டிவி, போன் கம்பெனிகள் வந்தன. கழனிக்கும் தறிக்கும் போன வீடுகளிலிருந்து பெண் பிள்ளைகள் யூனிஃபார்ம் போட்டுக் கம்பெனி பஸ் ஏறுகிறார்கள். பார்க்கும்போதெல்லாம் மனம் நிறைகிறது.

ஓய்வுக்குப் பிறகு அந்தப் பக்கத்து ஒரு கம்பெனி என்னை இன்டர்வியூ போர்டில் உட்காரக் கூப்பிட்டது. சர்வீஸ் பிரிவுக்கு டெக்னீஷியன் எடுக்கிறார்கள். நகரியிலிருந்து ஒரு பெண் வந்தாள். அப்பா பவர்லூம் ஓட்டுகிறவர். பக்கத்திலிருந்த ஹெச்ஆர் தம்பி ஆங்கிலத்தில், "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றார். அவ்வளவுதான், அவள் வாய் அடைத்துப்போயிற்று. துப்பட்டா நுனியை விரலில் சுற்றிக்கொண்டு மேஜையையே பார்த்தாள்.

எனக்கு என்னுடைய முதல் இன்டர்வியூ ஞாபகம் வந்தது. இரவல் பேண்ட், எண்ணெய் வழியும் தலை, வாயில் வார்த்தை இல்லை. போர்டில் இருந்த பெரியவர் ஒரு ட்ரான்சிஸ்டர் ரேடியோவை என் பக்கம் நகர்த்தி, "நிதானமா பாரு தம்பி" என்றார். அந்த மனிதரை இன்றும் கும்பிடுகிறேன்.

மேஜை ஓரத்தில் ஓடாத ஒரு லேப்டாப் கிடந்தது. அதை அவள் முன் வைத்து, "திறந்து பேட்டரியைக் கழற்றும்மா. தெலுங்கோ தமிழோ, உனக்கு வர்றதுல பேசு" என்றேன்.

முதலில் சார்ஜர் செருகவில்லையே என்று பார்த்தாள். பவர் பட்டனைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்தாள். "முழுசா ஆஃப் ஆகட்டும் சார்" என்று சன்னமாகச் சொன்னாள். பிறகு தன் பயோடேட்டாவின் ஒரு ஜெராக்ஸை எடுத்துத் திருப்பி, பின்பக்கத்தில் லேப்டாப்பின் அடிப்பாகத்தைப் பேனாவால் கட்டமாக வரைந்தாள். கழற்றிய ஒவ்வொரு ஸ்க்ரூவையும் படத்தில் அதே இடத்தில் வைத்தாள். ஏன் என்று கேட்டேன். "நீளம் வேற வேற சார். குட்டை இருந்த எடத்துல நீளத்தைப் போட்டா மேல குத்திடும். சில சமயம் போர்டே போயிடும்." மூடியை நெம்ப ஸ்க்ரூ டிரைவரை எடுக்கவில்லை, "பழைய ஏடிஎம் கார்டு இருக்கா சார்?" என்று வாங்கிக்கொண்டாள். புத்தூரில் மாமாவின் போன் கடையில் லீவு நாளெல்லாம் உட்கார்ந்து கற்றதாம்.

அவள் போன பிறகு ஹெச்ஆர் தம்பி, "வேலை தெரியுது சார், கம்யூனிகேஷன்தான் வீக்" என்றார். நல்ல பிள்ளை, அவருக்குக் கொடுத்த தாளில் அப்படி ஒரு கட்டம் இருந்தது. "அந்த ஸ்க்ரூ வைத்த காகிதத்தைப் பாருங்க தம்பி. அவள் சொல்ல வேண்டியதெல்லாம் அதிலேயே இருக்கே" என்றேன். கொஞ்ச நேரம் அதைப் பார்த்தார். அவளுக்கு வேலை கிடைத்தது.

சாஃப்ட்வேர் இன்டர்வியூவிலும் கதை வேறில்லை. திருப்பதியில் இன்ஜினியரிங் முடிக்கும் பிள்ளைகள் ஆப்டிட்யூட், குரூப் டிஸ்கஷன், டெக்னிக்கல், ஹெச்ஆர் என்று நாளெல்லாம் சலித்தெடுக்கப்பட்டு வாடிய முகத்தோடு பஸ் ஏறுவதைப் பார்த்திருக்கிறேன். ஒரு விமானத்துக்குள் எத்தனை கோல்ஃப் பந்து அடங்கும் என்கிற மாதிரிப் புதிர்களை ஒரு காலத்தில் பெரிய கம்பெனிகள் கேட்டன. அவை நேர விரயம், யார் நன்றாக வேலை செய்வார் என்பதை அவை காட்டவில்லை என்று கூகுளின் மனிதவளத் தலைவராக இருந்த லாஸ்லோ பாக் 2013இல் வெளிப்படையாகவே சொன்னார்.

இப்போதும் யாராவது போர்டுக்குக் கூப்பிட்டால் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். வருகிற பிள்ளைக்கு முதலில் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுங்கள், கையில் ஒரு பொருளோ ஓடாத ஒரு புரோகிராமோ கொடுங்கள், பத்து நிமிஷம் சும்மா விடுங்கள். சிலர் ஒப்புக்கொள்கிறார்கள். "லிஸ்டுல நிறைய பேர் இருக்காங்க, நேரம் இல்ல சார்" என்கிறவர்களிடம், நான் கேள்வி கேட்க ஒதுக்கிய நேரத்தை அந்தப் பிள்ளைக்கே கொடுத்துவிடுங்கள் என்று சொல்லிவிடுகிறேன்.