மலைக்குப் பின்னால் இருந்து பேசுவது

அடி அண்ணாமலை மலைக்கு மேற்கே இருக்கிறது. திருவண்ணாமலை டவுன் கிழக்கே. நடுவில் 814 மீட்டர் உயர மலை. கிரிவலம் வருகிறவர்களுக்கு எங்கள் ஊர் வருண லிங்கத்துக்கும் வாயு லிங்கத்துக்கும் இடையில் வருகிற ஒரு கோயில். வாக்கி டாக்கி பிடிக்கிறவர்களுக்கோ இதைவிடச் சிக்கலான ஊர் அமையாது.

ரேடியோ கற்றுக்கொள்ளத் தோன்றியது 2024 டிசம்பரில். ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரை கடந்தது. மறுநாள் டவுன் பக்கத்து அடிவாரத்தில், வ.உ.சி. நகரில் மண் சரிந்து ஒரு வீட்டில் இருந்த ஏழு பேர் இறந்தார்கள். ஐந்து பேர் குழந்தைகள். அந்த வருஷம் மலை உச்சியில் ஏற்றும் கார்த்திகை தீபத்துக்குப் பக்தர்களை மலையேற விடவில்லை. மண் சரிந்த இரவு எங்கள் தெருவில் கரண்ட் இல்லை. போனில் சிக்னல் கோடு தெரிந்தது, கால் போகவில்லை. பிறகு கோடும் போய்விட்டது. செல்போன் டவரும் கரண்டில்தான் ஓடுகிறது, அது நின்றால் பேட்டரி சில மணி நேரம்தான். மலைக்கு அந்தப் பக்கம் அக்கா குடும்பம். அவர்கள் பத்திரம் என்று தெரியவே பொழுது விடிந்துவிட்டது.

எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் ராணுவத்தில் சிக்னல்ஸ் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர், ஹாம், அதாவது அமெச்சூர் ரேடியோ, லைசென்ஸ் உள்ளவர், டவுனில் ஈசான்ய லிங்கம் பக்கம் குடியிருக்கிறார். பெயர் போட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார், அதனால் சார் என்றே எழுதுகிறேன். செட்டைக் கையில் தருவார் என்று நினைத்துப் போனேன். "மொதல்ல கேக்கக் கத்துக்கம்மா. பேசறது அப்புறம்" என்று ரிசீவரை 7 மெகாஹெர்ட்ஸில் வைத்து நோட்டையும் பென்சிலையும் கொடுத்தார். காலையில் ஹாம் நண்பர்கள் வரிசையாகப் பேசிக்கொள்வதைக் கேட்டு, யார், எந்த ஊர், எவ்வளவு தெளிவாக வருகிறது என்று எழுத வேண்டும். இரைச்சலுக்குள் இருந்து ஒரு பெயரைப் பிரித்தெடுக்கக் காது பழகவே நாள் பிடித்தது.

செட் வாங்குவது பற்றி அவர் கறாராக இருந்தார். ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கிற பல செட்டுகள் போலீஸ், தீயணைப்பு அலைவரிசைகளிலும் போய்ப் பேசக்கூடியவை. லைசென்ஸ் இல்லாமல் அவற்றை அமுக்குவது குற்றம், ஆபத்து நேரத்தில் பாவமும்கூட. இந்தியாவில் 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரை குறைந்த சக்தியில் பேசுகிற கைச் செட்டுக்கு லைசென்ஸ் வேண்டாம். மத்திய அரசின் வகை ஒப்புதல் பெற்ற மாடலா என்று மட்டும் பார்த்து வாங்க வேண்டும். தெருவுக்குத் தெரு தன்னார்வலர்கள் பேசிக்கொள்ள, அன்னதானப் பந்தலில் இருந்து முதலுதவிக் கூடாரத்துக்குச் சொல்ல, இதுவே போதும். மலையைத் தாண்ட வேண்டுமென்றால்தான் ஹாம் லைசென்ஸ். தேர்வில் ரேடியோ பாடமும் விதிமுறையும் கேட்பார்கள். மோர்ஸ் பழகாதவர்களுக்கு ரெஸ்ட்ரிக்டட் கிரேடு இருக்கிறது. எனக்கு வந்தது அதுதான், வி.யு.3 என்று தொடங்கும் அழைப்புக்குறியோடு.

பாடம் நிஜமாகத் தொடங்கியது கிரிவலப் பாதையில். சார் தன் வீட்டு மாடியில் செட்டோடு உட்கார, நான் ஈசான்யத்தில் தொடங்கி பாதை நெடுக நடந்து, ஒவ்வொரு லிங்கத்திலும் நின்று கூப்பிடுவேன். இந்திர லிங்கத்தில் பக்கத்தில் நின்று பேசுவதுபோல் இருந்தது. அக்னி, எமன் வரை பரவாயில்லை. நிருதி லிங்கம் தாண்டியதும் வார்த்தைகள் உடையத் தொடங்கின. எங்கள் ஊர்க் கோயில் வாசலில் ஒன்றுமே இல்லை, வெறும் இரைச்சல். சக்தியைக் கூட்டிப் பார்த்தேன். அதில் பெரிய லாபம் கிடையாது. ஒரு வாட்டை ஐந்தாக ஏற்றினால் கேட்கிறவர் மீட்டரில் ஒரு படிதான் ஏறும், பேட்டரி மடமடவென்று இறங்கும். நாங்கள் கைச் செட்டில் பேசிய இரண்டு மீட்டர் அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போவது. கல் மலை குறுக்கே நின்றால் வாட் என்ன செய்யும்?

"தீபம் எங்கெல்லாம் தெரியுதோ அங்கெல்லாம் உச்சியிலேருந்து பேசலாம்மா" என்றார் சார். இதைவிடச் சுருக்கமாக நேர்பார்வையை யாரும் எனக்கு விளக்கியதில்லை. மற்ற மலையூர்களில் உச்சியில் ரிப்பீட்டர் வைப்பார்கள். ஒரு அலைவரிசையில் கேட்டு இன்னொன்றில் திருப்பிச் சொல்லும் பெட்டி அது. அண்ணாமலையார் உச்சியில் பெட்டியும் கம்பமும் நிற்கக் கூடாது என்பது என் எண்ணம். அதனால் மனிதரையே ரிப்பீட்டராக நிறுத்திப் பார்த்தோம். மலையை விட்டு வடக்கே தள்ளி, போளூர் சாலையில் ஒருவர் நின்றால் இரண்டு பக்கமும் அவருக்குக் கேட்கிறது. நான் சொல்வதை அவர் எழுதி, அப்படியே டவுனுக்குச் சொல்வார்.

செட்டோடு வருகிற ரப்பர் ஆன்டெனாவை விட நாமே செய்வது மேல். சேசிஸ் சாக்கெட் ஒன்று, தடித்த செம்புக் கம்பி ஐந்து துண்டு, ஒவ்வொன்றும் அரை மீட்டருக்குச் சற்றுக் கூட. நடுவில் ஒன்றை நிமிர்த்திப் பற்றவைத்து, நாலு மூலையிலும் மற்ற நாலைப் பற்றவைத்துக் குடைக்கம்பிபோல் கீழே சரிக்க வேண்டும். பிறகு ஆன்டெனாவிலிருந்து எவ்வளவு சக்தி திரும்பி வருகிறது என்று காட்டும் எஸ்.டபிள்யு.ஆர். மீட்டரை மாட்டி, நுனியைக் கொஞ்சம் கொஞ்சமாக நறுக்கி முள்ளைக் கீழே இறக்க வேண்டும். வெட்டியதை ஒட்ட முடியாது என்பதால் அந்த வேலைக்குத் தனிப் பொறுமை வேண்டும். மூங்கில் கழியில் கட்டி மாடியில் நிறுத்தியதும் போளூர் சாலைக்காரர் குரல் இரைச்சல் நீங்கி வந்தது.

பேச்சிலும் பழக்கம் உண்டு. பட்டனை அமுக்கி ஒரு கணம் பொறுக்காவிட்டால் முதல் வார்த்தை அறுந்துவிடும். செட் வாயிலிருந்து நாலு விரல் தள்ளி இருக்க வேண்டும். எங்கே, என்ன, எத்தனை பேர், என்ன தேவை: இதை எழுதி வைத்துக்கொண்டுதான் அமுக்க வேண்டும். கேட்டவர் திருப்பிப் படிக்காதவரை செய்தி போய்ச் சேர்ந்ததாகக் கணக்கில்லை. எண்கள்தான் மிகப் பெரிய பொறி. இரைச்சலில் எழுபதும் எண்பதும் ஒன்றுபோல் கேட்கும், அறுபது அறுநூறாகும். 2024 டிசம்பர் 2 அதிகாலை சாத்தனூர் அணையிலிருந்து தென்பெண்ணையில் வினாடிக்கு 1,68,000 கன அடி தண்ணீர் திறக்கப்பட்டது. அப்படி ஒரு எண்ணைக் கரையோர ஊருக்குச் சொல்லும்போது ஒரு சைபர் தவறினால் என்ன ஆகும்? ஒன்று, ஆறு, எட்டு, சைபர், சைபர், சைபர் என்று ஒவ்வொன்றாகச் சொல்ல வைத்தே சார் எங்களைப் பழக்கினார்.

மலை தடுக்காத வழி ஒன்றும் உண்டு. 7 மெகாஹெர்ட்ஸுக்கு மொத்தம் 20 மீட்டர் ஒயரை இரண்டு மரங்களுக்கு இடையில் ஆள் உயரத்துக்குச் சற்று மேலே தாழ்வாகக் கட்டினால், அலை நேரே வானத்துக்குப் போய், அயனி மண்டலத்தில் பட்டு, மலைக்கு இரண்டு பக்கமும் மழைபோல் இறங்கும். பகலில் அடி அண்ணாமலையிலிருந்து டவுனோடும், அதே ஒயரில் வேலூரோடும் சென்னையோடும் பேசியாயிற்று. பன்னிரண்டு வோல்ட் பேட்டரி போதும்.

இப்படி வானத்தில் பட்டுத் திரும்பும் ஷார்ட்வேவின் அருமை 2004இல் எல்லோருக்கும் தெரிந்தது. ஹாம் ரேடியோ பயணமாக அந்த டிசம்பரில் அந்தமான் போயிருந்த பாரதி பிரசாத், வி.யு.2 ஆர்.பி.ஐ., 26ஆம் தேதி சுனாமி அடித்தபோது போர்ட் பிளேரில் இருந்தார். மற்ற தொடர்பு அறுந்த தீவிலிருந்து அவர் குழுவின் செட்டுகள் வழியாகத்தான் பலருடைய நலச் செய்தி பெருநிலத்துக்கு வந்தது. 2024 ஜூலையில் வயநாடு நிலச்சரிவின்போது கல்பெட்டா ஆட்சியர் அலுவலகத்தில் ஹாம்கள் நிலையம் அமைத்தார்கள். இரண்டு இடத்திலும் கை கொடுத்தது முன்பே பழகிய கை. வெள்ளத்தன்று கடையில் வாங்கிய செட்டால் யாருக்கும் உதவ முடியாது.

இப்போது எங்களுக்குள் ஒரு ஏற்பாடு இருக்கிறது. கரண்டும் போனும் சேர்ந்து போனால், ஒவ்வொரு மணி தொடக்கத்திலும் ஐந்து நிமிஷம் செட்டைப் போட்டுக் கேட்பது, மற்ற நேரம் அணைத்துப் பேட்டரியை மிச்சம் பிடிப்பது. மேற்கே நான், கிழக்கே சார். போளூர் சாலைக்காரர் வேலைக்காக வெளியூர் போய்விடுகிறார், அதனால் வடக்கே குபேர லிங்கம் பக்கம் ஒருவர் வேண்டும். 12 வயது நிறைந்த யாரும் ஹாம் தேர்வு எழுதலாம். பாடத்துக்கு நான் பொறுப்பு. ஞாயிற்றுக்கிழமை காலையில் அடி அண்ணாமலையார் கோயில் பக்கம் வந்து, மாடியில் மூங்கில் கழி நிற்கிற வீட்டைக் கேட்டால் காட்டுவார்கள்.