சித்தன்னவாசலில் ஒரு பகல்

சென்ற தைத் திங்களில் ஒரு சனிக்கிழமை, காலை ஜெபம் முடிந்த கையோடு, தமிழ் ஆனர்ஸ் வகுப்பினராகிய யாங்கள் பன்னிருவர் திருச்சிராப்பள்ளியினின்றும் மோட்டார் வண்டியிலே புதுக்கோட்டைச் சீமை நோக்கிப் புறப்பட்டோம். காவிரிக்கரைப் பட்டணத்தில் ஈராண்டு வாசஞ் செய்தும் இத்திசைக்கு யாங்கள் வந்ததில்லை. நார்த்தாமலையை வண்டியிலிருந்தே கண்டு கடந்தோம்.

சித்தன்னவாசலில் வழிகாட்டியாய் வாய்த்தவர் அவ்வூர் முதியவர் ஒருவர். அறிவர் கோயில் விதானத்திலே தாமரைப் பொய்கை. அதனுள் மீனும் யானையும் எருமையும், மலர் கொய்யும் மாந்தரும். வர்ணம் பெரிதும் உதிர்ந்துபோயிற்று. எஞ்சியதே எங்கள் வாயை அடைத்தது. உள்ளறையில் முதியவர் மெல்ல முரல, பாறையும் உடன் முரன்றது.

வெளியே பாறையில் ஒரு செய்யுட் சாசனம். 9-ஆம் நூற்றாண்டில், ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் என்னும் பாண்டியன் காலத்தில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் இக்கோயிலைப் புதுப்பித்ததை அது கூறும்.

“தமிழ் ஆனர்ஸ் வகுப்பார் அல்லவோ? வாசியுங்கள், தம்பி” என்றார்.

நூற்பாக்களை ஒப்பிக்கும் யாங்கள் ஓரடியும் வாசிக்கமாட்டாமல் நின்றோம். அவரோ, கல்லைத் தொடாது விரலை ஓட்டி, முழுதும் சொல்லிவிட்டார்.

“ஐயா, எங்கே கற்றீர்கள்?”

“மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்தில் ஒதுங்கினவனல்லேன். பண்டிதர்கள் வாசிக்கக் கேட்டுப் பாடமாயிற்று.”

பிற்பகல், பாறையில் வெட்டிய ஏழு குழிகளால் பெயர்பெற்ற ஏழடிப்பட்டத்திற்கு ஏறினோம். அங்கே சமண முனிவரின் 17 கற்படுக்கைகள். ஒன்றில் ஏறக்குறைய 2000 ஆண்டுப் பழமையுடைய தமிழ்ப் பிராமி எழுத்து. அதனை வாசிக்குமாறு அவர் கேட்கவில்லை.

திரும்புகையில், எங்களுள் ஒருவர் சாசனத்தினின்றும் வரைந்துகொண்ட நான்கெழுத்தை வண்டி விளக்கில் காட்டினார். மகரம் ஒன்றிலே மட்டும் எல்லோரும் உடன்பட்டோம்.